முகவரியோடு பதினொரு பேர்

1994 நவம்பர் 13, ஞாயிறு

சுவீடனும் ஆம் என்றுவிட்டது. ரேடியோவில் வாசித்தவனின் குரலில் சந்தோஷமா கவலையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல வாசிப்பாளன். இனி நோர்வேயின் முறை. இருபத்தெட்டாம் தேதி நாடு முழுவதும் வாக்கெடுப்பு: ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதா, வேண்டாமா. எங்கள் குடாவில் நூற்று எண்பத்து நான்கு வீடுகள். அநேகமாக எல்லா ஜன்னலிலும் "வேண்டாம்" என்று ஒட்டியிருக்கிறது. சேர்ந்தால் ஸ்பெயின்காரன் கப்பலோடு வந்து மீனை அள்ளிக்கொண்டு போவான் என்பது இவர்களுடைய பயம். அதில் நியாயம் இருக்கிறது. மீனை எடுத்துவிட்டால் இங்கே மிஞ்சுவது கல்லும் பனியும்தான்.

எனக்கு வாக்கில்லை. குடியுரிமை இன்னும் வரவில்லை. குகதாசுக்கும் இல்லை. இந்த வடமுனைக் குடாவில் தமிழர் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே மீன் தொழிற்சாலை. அவனுக்கு இருபத்தாறு வயது. தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைப்பு.

மத்தியானம் சோறும் கொட் மீன் தலைக் குழம்பும். மிளகாய்த்தூள் முடியப்போகிறது.

நவம்பர் 15, செவ்வாய்

காலை ஆறரைக்குக் கப்பல் வந்தது. பேப்பர்க் கட்டை வாங்கி எட்டு மணிக்குள் எல்லா வீட்டுப் பெட்டியிலும் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். கிழமைக்கு மூன்று நாள் வரும் பேப்பர்: செவ்வாய், வியாழன், சனி. எழுபது கிலோமீற்றர் தள்ளியிருக்கிற பட்டினத்தில் அச்சாகிறது. யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருஷம் பேப்பர் கந்தோரில் புரூஃப் பார்த்தவனுக்கு இங்கே பேப்பர் போடுகிற வேலை. குகதாஸ் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். மையின் மணத்துக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்றால் அவனுக்கு விளங்காது.

பேப்பரின் ஆசிரியர் குன்வூர் பின்னேரம் தொலைபேசியில் எடுத்தாள். அறுபது வயது, சுருட்டுக் குடிக்கிறவள். இந்த நாட்டில் முதலாளி, பாதிரியார், சின்னப்பிள்ளை எல்லாருக்கும் 'நீ'தான். இவர்கள் பேசுவதை என் வாய்த்தமிழிலேயே எழுதிவைக்கிறேன். நவரத்தினராசா என்ற என் பெயர் இவர்கள் வாயில் நவ்.

"நவ், வியாழக்கிழமைக் கட்டை நனையவிட்டிராதை. சேரத்தான் வேணும் எண்டுற ஆக்கள் பேரும் முகவரியும் போட்டுக் கையெழுத்து வைச்சிருக்கினம். முதற்பக்கத்தில போடுறன்."

"நீயும் வேண்டாமெண்டுற கட்சியெல்லோ?"

"அதுக்காகத்தான் முதற்பக்கத்தில போடுறன்."

முகவரியும் ஏன் என்று கேட்டேன். பெயரைப் போட்டால் முகவரியையும் போடுவது இந்தப் பேப்பரின் வழக்கமாம். சொன்னவன் யார், எந்த வீட்டுக்காரன் என்று ஊருக்குத் தெரியவேண்டுமாம்.

சாப்பிட மனமில்லை. குளிராக இருக்கலாம்.

நவம்பர் 17, வியாழன்

இன்று பேப்பர் போடவில்லை. விடியவே புயல். கப்பல் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. வலது கையுறை தொலைந்துவிட்டது. சட்டைக் கை முழங்கை வரைக்கும் நனைந்து, வேலைக்குப் போகும்போது விறைத்துப்போயிருந்தது.

தெருவைப் பனி மூடிவிட்டது. மத்தியானம் தொலைபேசியும் செத்துவிட்டது.

நவம்பர் 18, வெள்ளி

தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் பற்றரி ரேடியோ. அதில் சொன்னான்: நேற்றைய பேப்பரில் கரையோர ஊர்களிலிருந்து அறுபத்து மூன்று பேர் ஒன்றியத்துக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள், அதில் எங்கள் குடாவிலிருந்து பதினொரு பேர். பெயர் சொல்லவில்லை.

அறையில் நாற்பது பேர் இருந்தோம். ஃபோர்மன் ஊட்வார் மெல்லக் கோப்பியை வைத்தான். இங்கே "வேண்டாம்" குழுவின் தலைவன் அவன்தான். எனக்கு வேலை தந்தவன். முதல் குளிர்காலத்தில் தன்னுடைய பழைய ரப்பர் சப்பாத்தைத் தந்தவன். கெட்டவன் என்று எழுதக் கை வரவில்லை.

"பதினொரு பேர்," என்றான். "எங்களுக்குள்ளை."

அதற்குப் பிறகு ஊர் கணக்குப்போடத் தொடங்கியது. கடைக்காரன் ஒஸ்லோவில் படித்தவன், அவனாய்த்தான் இருக்கும். பள்ளிக்கூடத்து ரீச்சர் விடுமுறைக்கு ஸ்பெயினுக்குப் போனவள். இரண்டு மணிக்குக் கடைக்காரனின் ஜன்னல் உடைந்தது. ரீச்சரின் காரில் நான்கு ரயரும் கிழிந்திருந்தன. வெட்டு மேசையில் இரண்டு பேர் வாய்த்தர்க்கம் பட்டு, ஒருவன் மற்றவனின் உள்ளங்கையை மீன் கத்தியால் மேசையோடு சேர்த்துக் குத்திவிட்டான். மீன் ஓடுகிற பெல்ட்டைப் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். இரத்தம் பட்ட மீனைக் கழுவிப் பெட்டியில் அடுக்கினோம்.

வீட்டுக்கு வரும் வழியில் ஹில்மார் மறித்தான். ஐஸ் அறையில் வேலை செய்கிறவன், ஐம்பத்தெட்டு வயது, எங்களுக்கு நாலு வீடு தள்ளி. அவனுடைய மகளுக்கு ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கிற பிரஸ்ஸல்ஸில், ஆஸ்பத்திரியில் வேலை.

"நவ், பேப்பர் ஒண்டுகூட வரேல்லையோ? மகள் அங்கை இருக்கிறபடியால் நானும் கையெழுத்து வைச்சனான் எண்டு கதைக்கிறாங்கள். நான் வேண்டாமெண்டுதான் போடப்போறன். பேப்பர் வந்தால் காட்டிப்போடுவன்."

புயல், கட்டு கடலோடு போய்விட்டது என்றேன்.

"சனிக்கிழமைக் கப்பலாவது வருமோ?"

தெரியாது என்றேன்.

நவம்பர் 19, சனி

கப்பல் வரவில்லை.

எழுதித்தான் ஆகவேண்டும். மத்தியானம் பன்னிரண்டு மணி. வெளியே இருட்டு, இனி இரண்டு மாதத்துக்குச் சூரியன் இல்லை. நான் ஐஸ் எடுக்கக் கூடையோடு போனேன். வாசலில் தொங்குகிற பிளாஸ்ரிக் திரைக்கு இந்தப் பக்கம் நின்றபடி பார்த்தேன். ஊட்வாரும் அவன் தம்பியின் படகில் போகிற இரண்டு பேரும் ஹில்மாரைச் சுவரோடு நிறுத்தியிருந்தார்கள்.

"பேரைச் சொல்லு. மற்றப் பத்துப் பேரையும் சொல்லு."

"நான் கையெழுத்து வைக்கேல்லை, ஊட்வார். பேப்பர் வரட்டும்."

"பேப்பரைக் கடலுக்கை தள்ளினது ஆர்? உங்கட ஆக்கள்தானே?"

முதல் அடி ஊட்வாரின் கையிலிருந்த, மீன் இழுக்கிற கொக்கித் தடியின் கட்டையான பக்கத்தால் விழுந்தது. ஹில்மார் கையால் மறித்தான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. படகுக்காரன் ஒருவன் வயிற்றில் உதைத்தான், மூன்று தரம், நான்கு தரம், பந்து உதைக்கிறவன் போல நிதானமாக. விழுந்தவனின் முகத்தை ஐஸில் அழுத்தினார்கள். எழுந்திருக்கப் பார்த்தான். ஊட்வார் தடியைத் திருப்பிப் பிடித்தான். கொக்கி இடது கண்ணுக்குக் கீழே ஏறியது. ஊட்வாரே அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பிடியை விட்டுவிட்டு அப்படியே நின்றான். தடி தானாகத் தொங்கியது.

என் வாயில் ஒரே ஒரு வசனம் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு முதல் அடி விழ முன்னர் நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

படகு வயர்லெஸில் கேட்டார்கள், ஹெலிகொப்டர் இந்தக் காற்றில் பறக்காதாம். ஹில்மாரைச் சாப்பாட்டு அறை மேசையில் கிடத்தி மருத்துவத் தாதி இரத்தத்தை நிறுத்தப் பார்க்கிறாள். மனைவி இங்கெர் அவன் கால்மாட்டில் நின்று சப்பாத்தைக் கழற்றினாள். ஏன் என்று தெரியவில்லை. மேசை ஊத்தையாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

சோறு குழைந்துபோயிற்று. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது என் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"ஹில்மாரின்ரை பேர் அதில இல்லையடா."

குகதாஸ் கோப்பையை வைத்தான். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கோப்பையை எடுக்கக் கை நீட்டினேன். அவன் என் வலது கையைப் பார்த்தான். கையுறை இல்லாமல் தோல் வெடித்திருந்தது.

"அண்ணை, என்ன செய்தனீங்கள்?"

அவனுக்குச் சொன்னேன். பிறகு வியாழக்கிழமை இங்கே எழுதியதைத் திருப்பிப் படித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. உண்மையும் இல்லை.

வியாழக்கிழமை கட்டு வந்தது. கப்பல்காரன் எறிந்தான், நான் பிடித்தேன். இறங்குதுறை விளக்கின் கீழே ஒரு பிரதியை உருவிப் பார்த்தேன். முதற்பக்கம். பெயர், பெயருக்குப் பக்கத்தில் வீதி, வீட்டு இலக்கம். எங்கள் குடாவில் பதினொரு பேர். ஆறாவது பெயர் மாரித். ஊட்வாரின் மனைவி. அதைக் கண்டதும் பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். நாளைக்குக் காலையில் இந்தப் பதினொரு பேரும் எங்கள் ஊரில் போல விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. அவர்களைக் கண்டேன். முகவரி போட்டுப் பெயர் அச்சானால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்த ஒன்று. கட்டைக் கடலில் தள்ளினேன். அது மிதந்தது. குனிந்து கையால் அமுக்கித் தாழவைத்தேன். கையுறை அதோடு போனது.

ஒரு பிரதி மட்டும் சட்டைக்குள் இருந்தது. இப்போது மெத்தைக்குக் கீழே இருக்கிறது.

1987இல் எங்கள் பேப்பரில் பதினாலு பேர் கையெழுத்திட்ட ஒரு வேண்டுகோள் வந்தது. பிடித்து வைத்திருக்கிற பொடியன்களை விடச்சொல்லி. யாரிடம் கேட்டார்கள் என்று இங்கேயும் எழுதமாட்டேன், ஏழு வருஷமும் ஏழாயிரம் கிலோமீற்றரும் போதவில்லை. பதினாலு பேரில் இரண்டு பேருக்கு ஒரே பெயர். ஒருவர் என் அக்காவின் புருஷன், அத்தான். ஆள் மாறக்கூடாது என்று ஆசிரியர் ஒரு அடையாளம் கேட்டார்.

அதற்கு மேல் இன்று வேண்டாம்.

குகதாஸ் அடுப்படியில் நின்று சொன்னான்: "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. கடல் கொண்டு போட்டுது எண்டு எல்லாரும் நம்பியாச்சு. எங்கட நிறத்துக்கு இந்தக் குளிருக்குள்ளை வேறை இடமில்லை அண்ணை."

நவம்பர் 21, திங்கள்

காற்று ஓய்ந்தது. தொலைபேசியும் உயிர்பெற்றது. விடிய ஹெலிகொப்டர் வந்து ஹில்மாரைக் கொண்டுபோனது. பதினொரு மணிக்குப் பனியைத் தள்ளிக்கொண்டு வண்டி வர, அதன் பின்னால் பொலிஸ். அதன் பின்னால் குன்வூர் தன் பழைய காரில்.

சாப்பாட்டு அறையில் மேசையைக் கழுவியிருந்தார்கள். அதே மேசையில் குன்வூர் வியாழக்கிழமைப் பேப்பரை விரித்தாள். ஊட்வார் இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் நின்றான்.

"வாசி," என்றாள்.

அவன் விரலை வைத்து வாசித்தான். கடைக்காரன் இல்லை. ரீச்சர் இருந்தாள். ஹில்மார் இல்லை. ஆறாவது பெயரில் விரல் நின்றது. நின்றபடியே இருந்தது. பிறகு நிலத்தில் உட்கார்ந்துவிட்டான்.

மாரித் வாசலில் நின்றாள். யாரும் கேட்காமலே பேசினாள்.

"பேப்பரில வாசிக்கட்டும் எண்டுதான் விட்டனான். குசினிக்கை நிண்டு சொன்னால் என்னைக் கதைச்சு முடிக்கவிடமாட்டான். பேப்பரில வந்தால் ஒருநாள் முழுக்க வாய் திறவாமல் யோசிப்பான். இருபத்திரண்டு வருஷமாய் எனக்கு இவனைத் தெரியும்."

குன்வூர் என்னிடம் வந்தாள். "புயலை விட்டால் ஆரைக் குற்றம் சொல்லுறது, நவ்?" என்றாள். தோளில் தட்டினாள். நான் தலையாட்டினேன்.

அந்தப் பேப்பர் வந்திருந்தால் ஊட்வார் மனைவியின் பெயரைக் கண்டிருப்பான். கோபப்பட்டிருப்பான். வீட்டில் ஒரு கோப்பை உடைந்திருக்கும். ஐஸ் அறைக்குப் போயிருக்கமாட்டான்.

நவம்பர் 22, செவ்வாய்

காலை நான்கு மணிக்கு ஹில்மார் செத்துப்போனான். உள்ளே மண்ணீரல் வெடித்திருந்ததாம்.

பேப்பர் போட்டேன். நூற்று எண்பத்து நான்கும் போட்டேன். அவன் வீட்டுப் பெட்டியிலும் போட்டேன். வேலைக்குப் போகாமல் பொலிஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பிறகு வந்து குன்வூரைத் தொலைபேசியில் எடுத்தேன். அவளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன்?"

"அவையைக் காப்பாத்துறதுக்கு."

"ஆரிட்டை இருந்து?"

எனக்குத் தெரிந்த ஊர் ஒன்று, நான் இருக்கிற ஊர் வேறொன்று. இந்தச் சனத்தைப் பற்றி நான் அவர்களிடம் கேட்கவே இல்லை. நானாகத் தீர்மானித்தேன். தீர்மானித்து, கடைசியில் அவர்களையும் அப்படியே ஆக்கிவிட்டேன்.

"நவ், கேள்," என்றாள். "பேரைப் பார்த்தால் சனம் கோவிக்கும், கத்தும், கடையில கதைக்காது. பிறகு பழகிப்போகும். பேர் தெரியாட்டில் எல்லாரும் அந்தப் பதினொரு பேரில ஒராள்தான். எழுதித் தா. வியாழக்கிழமை போடுறன். பேரில்லாமல் நான் ஒண்டும் போடுறதில்லை, அது உனக்குத் தெரியும். முகவரியை விடலாம். உன்ரை பாதுகாப்புக்கு."

"முகவரியையும் போடு," என்றேன்.

நவம்பர் 23, புதன்

அவர்களுடைய மொழியில் இருநூற்றுப் பத்துச் சொல். ஆறு தரம் எழுதினேன். முதல் ஐந்திலும் யாழ்ப்பாணம் இருந்தது. காரணம் சொல்லி இரக்கம் வாங்குவது போலத் தெரிந்தது. ஆறாவதில் எடுத்துவிட்டேன்.

குகதாஸ் ஊரைவிட்டுப் போகப் பெட்டி கட்டினான். போகும்போது மிஞ்சிய மிளகாய்த்தூள் முழுவதையும் எனக்கு வைத்துவிட்டுப் போனான்.

நவம்பர் 24, வியாழன்

கப்பல் நேரத்துக்கு வந்தது. முதற்பக்கம், கீழே இடது பக்கம். நவரத்தினராசா, ஹாவ்னவெய் 9. ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. பார்த்துப் பழகிய கண், முதலில் அதைத்தான் பார்க்கிறது.

வேறு யாரையும் போடச் சொல்லியிருக்கலாம். நானே போட்டேன். ஒவ்வொரு பெட்டியாக மூடியைத் தூக்கி, என் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் நூற்று எண்பத்து மூன்று வீட்டில் வைத்தேன். கடைசியாக இங்கெரின் வீடு. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் வாங்கினாள். வாசல் விளக்கில் பிடித்து வாசித்தாள். நான் போகவில்லை.

"நீ அதை வாசிச்சனி," என்றாள்.

"ஓம்."

"அவரின்ரை பேர் அதில இல்லையெண்டு இந்த ஊரில உனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

"ஓம்."

"வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் இந்தக் கதவைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போனனி. நாலு வீடு. ஒருக்கால் தட்டியிருக்கலாம்."

பேப்பரை நாலாக மடித்தாள். அதால் என் முகத்தில் அடித்தாள். பேப்பரால் அடித்தால் நோகாது. பிறகு அதைக் கீழே விட்டுவிட்டு வெறுங்கையால் அடித்தாள். உதடு வெடித்தது. நான் கையைத் தூக்கவில்லை. கை ஓய்ந்ததும் குனிந்து பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

நவம்பர் 25, வெள்ளி

படுக்கையறை ஜன்னல் போயிற்று. கல் தலையணைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. பலகை அடித்தேன்.

நவம்பர் 26, சனி

ஹில்மாரை உதைத்த படகுக்காரனின் அண்ணன், கடை வாசலில் என்னைப் பிடித்து விலாவில் இரண்டு உதை. ரீச்சர் ஓடிவந்து அவனை இழுத்தாள். எனக்காகவல்ல, என்றாள். தனக்கு இப்படியான ஊர் வேண்டாமாம். பேப்பர் போட்டேன். நடக்கும்போது நோகிறது.

குன்வூரின் பேப்பரில் இன்று நாற்பத்தாறு கடிதம். பாதி என்னை ஊரைவிட்டுத் துரத்தச் சொல்கிறது. எல்லாம் பெயரோடும் முகவரியோடும். வாசித்து முடித்தபோது யார் என்னை அடிக்கக்கூடியவன், யார் அடிக்கமாட்டான் என்று ஓரளவு தெரிந்துவிட்டது. மத்தியானம் முதல் தரமாக நன்றாக நித்திரை கொண்டேன்.

நவம்பர் 28, திங்கள்

வாக்கெடுப்பு. பள்ளிக்கூட வாசலில் வரிசை. மாரித் தனியாக வந்தாள், தனியாகப் போனாள். ஒருவரும் அவளோடு பேசவில்லை. ஒருவரும் அவளைத் தொடவும் இல்லை. இங்கெர் கறுப்புக் கோட்டோடு வந்து வாக்குப் போட்டாள். நான் வீதிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

நவம்பர் 29, செவ்வாய்

வேண்டாம் என்றுவிட்டது நாடு. கொஞ்ச வித்தியாசம்தான். எங்கள் குடாவில் சேரவேண்டும் என்று விழுந்தது பதினான்கு வாக்கு. கையெழுத்து வைத்தவர்கள் பதினொரு பேர். மற்ற மூன்று பேர் யார் என்று சாப்பாட்டு அறையில் ஒருவன் வாயெடுத்தான். மற்றவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அவனும் நிறுத்திவிட்டான்.

அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். ஏழு வருஷத்தில் அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. எனக்கும் எழுதத் துணிவில்லை. அத்தானை யார் காட்டிக்கொடுத்தது என்று அவள் ஊரில் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு, கடைசியில் பக்கத்து வீட்டோடும் மாமியாரோடும் பேச்சை விட்டவள் என்று கேள்வி. என்னோடு அவள் பேச்சை விட்டது எதற்காக என்று எனக்குத் தெரியாது. தெரிந்துதான் விட்டாளோ, என்னவோ.

வியாழக்கிழமைப் பேப்பரிலிருந்து என் கடிதத்தை வெட்டி உறைக்குள் வைத்தேன். அவளுக்கு இந்த மொழி விளங்காது. கீழே தமிழில் எழுதினேன்:

அக்கா, ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தபடியால் ஆள் மாறக்கூடாதெண்டு அத்தானின் பேருக்குப் பக்கத்தில் புளியடி ஒழுங்கை எண்டு தெருப் பேரைச் சேர்த்தது நான். வேறு ஒருத்தரும் இல்லை. அத்தானைப் பிடிச்சுக்கொண்டு போக அவை நேரே வீட்டுக்கு வந்தது அதாலைதான்.

பின்பக்கம் அனுப்புநர் இடத்தில் என் பெயரையும் முகவரியையும் முழுதாக எழுதி, தபால் பெட்டியில் போட்டேன்.